ஏச்சு வாங்க வந்தவர்கள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். தலைவர் கௌதம்ராஜ், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை வைத்திருப்பவர், மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில். பொருளாளர் விஜயபாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிமெண்டும் கம்பியும் விற்பவர், தலைவருக்கு வலப்பக்கம், தன் கடைக் காலண்டர் கண்ணில் படும்படியாக. மருந்துக்கடை எட்வின் வாசலை ஒட்டி. அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும், எழுந்து போக வசதி. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் செயலாளர் பரிபூரணம் மேசை ஓரத்தில், தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. வெளியே, சமையல்கட்டு வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வேல்சாமி இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஆனால் அன்றைய கூட்டமே அவரைப் பற்றித்தான்.

இளைப்பாறல் இல்லம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, சாலையைப் பார்த்த வீடு. பஸ் ஸ்டாண்டிலும் தேரடியிலும் கடை வாசல்களிலும் விழுந்து கிடப்பவர்களைக் கூட்டி வந்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, வைத்தியம் பார்த்து, தேறியவர்களுக்கு ஒரு வேலையும் ஒரு வாடகை அறையும் பிடித்துக் கொடுத்து அனுப்பிவைப்பது அதன் நோக்கம். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பரிபூரணம்தான் இல்லத்தின் விதிகளை எழுதியவர். 'அனுப்பிவைப்பது' என்ற சொல்லுக்குக் கீழே அப்போதே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தலைவர் அந்தக் கோட்டை மெச்சினார். கோட்டை மட்டும்தான் மெச்சினார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இல்லத்தில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். பெண்களுக்கு என்று மாடி எடுக்க ஆரம்பித்து, தூண்களும் சுவர்களும் எழும்பி, கூரை இல்லாமல் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் பெண்களுக்குச் சாயங்காலம் போர்வையும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வருவது பரிபூரணத்துக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. அந்தத் தூண்கள் எழும்பியதே வேல்சாமியால்தான். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து அவரைக் கூட்டி வந்தபோது வேல்சாமி ஏசாத ஆள் கிடையாது. ஆம்புலன்ஸ் டிரைவரை ஏசினார், முடி வெட்டியவரை ஏசினார், குழாயை ஏசினார். அந்தச் சமயத்தில் மம்சாபுரம் அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் அப்பாவின் திவசத்துக்கு மத்தியானச் சாப்பாடு போட வந்தார். வரிசையாக உட்கார வைத்து, சோறு பரிமாறி, போட்டோ எடுக்கக் குனிந்த சமயம், வேல்சாமி நிமிர்ந்து பார்த்து, "ஏலே களவாணிப் பயலே, எந்திரிச்சுப் போலே" என்று எச்சில் இலையைத் தூக்கி அவர் மேலேயே வீசிவிட்டார். ஆலைக்காரர் சட்டையெல்லாம் ரசம். பரிபூரணம் துண்டை நனைத்துக்கொண்டு ஓடி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனார்.

அந்த வாரமே ஆலைக்காரருக்கு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த நிலத்தகராறு சாதகமாக முடிந்தது. பழத்தட்டோடு வந்தார். வேல்சாமி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை ஏசச் சொல்லிக் கேட்டார். அவர் கேட்டிருக்கவே வேண்டாம்.

பிறகு யாரால் தடுக்க முடியும். செல்போனில் படம் சுற்றியது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலை என்ற குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்குகிறவர்கள், அப்படியே இல்லத்துக்கு வந்து ஏச்சு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது வழக்கமாயிற்று. விஜயபாண்டி அதற்கு ஒரு தரவரிசையே வைத்திருந்தார். வெறும் 'போலே' என்றால் சின்னக் காரியம். பையனுக்குக் காலேஜ் சீட்டு, அந்த மாதிரி. வம்சத்தை இழுத்தால் கோர்ட்டு கேஸ். கையில் இருப்பது மேலே விழுந்துவிட்டால் அதற்கு மிஞ்சியது கிடையாது. ஒரு நாள் வேல்சாமிக்கு என்ன தோன்றியதோ, சேத்தூரில் இருந்து வந்த பெண் ஒருத்தியிடம், "நல்லாயிரு தாயி" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். இதற்குப் பரிகாரம் உண்டா என்று பரிபூரணத்திடம் கேட்டாள்.

சீக்காளியை வைத்து வித்தை காட்டுவது போல இருக்கிறது என்று பரிபூரணம் இரண்டு கூட்டங்களில் சொன்னார். இரண்டு தடவையும் தலைவர், "நியாயந்தான்க்கா" என்று ஒத்துக்கொண்டார். மாடியில் தூண்கள் எழும்பின. மூன்றாவது கூட்டத்தில் பரிபூரணம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வந்தவர்களுக்கு ரசீது எழுதிக் கொடுத்ததும் அவர்தானே.

ஆனால் இல்லம் தன் வேலையையும் செய்துகொண்டுதான் இருந்தது. மாதம் ஒரு தடவை வரும் மனநல டாக்டர் வேல்சாமியைப் பார்த்து மாத்திரை எழுதினார். எட்வின் கடையில் இருந்து மாத்திரை வந்தது. காலையும் ராத்திரியும் பரிபூரணம் தன் கையால் கொடுத்து, விழுங்குகிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மாத்திரை வேலை செய்துவிட்டது. இல்லத்துக்குப் பெரிய சங்கடம் அப்போதுதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில், "தாயி, செத்த தண்ணி தாரியளா" என்று ஒரு குரல் கேட்டு, புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று பரிபூரணம் திரும்பிப் பார்த்தார். வேல்சாமி நின்றுகொண்டிருந்தார். தலைசீவியிருந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"நான் வந்தவியள ஏசல தாயி. என் காதுக்குள்ள ஒருத்தன் கெடந்து பேசிக்கிட்டே இருப்பான். சாவுலே, சாவுலேன்னு. அவனத்தான் ஏசுனேன். அவிய குறுக்க வந்து உக்காந்துட்டாவ."

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. டாக்டர் அவரை வெளியே அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தார். சேத்தூரில் தென்னங்கன்றுப் பண்ணை வைத்திருக்கும் மாரிசெல்வம் என்பவரைப் பரிபூரணம் பிடித்தார். கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை, பண்ணைக்குள்ளேயே ஓர் அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், சாவி அவர் கையில். சாவி என்றதும் வேல்சாமி மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். மாரிசெல்வம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆள் தேறிவிட்டார், வைத்தியத்தை இல்லம் பார்த்துக்கொள்ளும் என்று தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம். இந்த வாரத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன், கன்று வாடும் என்று சொல்லியிருந்தார்.

கடிதத்தை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, பரிபூரணம் கூட்டத்தில் வைத்தார்.

கௌதம்ராஜ் அதை முழுசாகப் படித்தார். நல்ல கையெழுத்து என்றார். பிறகு பேனாவை எடுக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"போகட்டும்க்கா. யாரு வேண்டாங்கா? வர்ற சனிக்கிழமை காளீஸ்வரி அம்மா வாராங்க. அது முடிஞ்ச பொறவு போகட்டும்."

காளீஸ்வரிக்கு இரண்டு ஊரிலும் ஜவுளிக்கடை. மகனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து எதுவும் அமையவில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு, மாடிக்கு முழுக் கூரையும் போட்டுத் தருவதாக அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தம்மா எதிரே வேல்சாமி கையைக் கட்டிக்கொண்டு தண்ணி வேணுமா தாயி என்று கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் தலைவரின் கவலை.

"எட்வின், நீங்க மருந்துக்கடைக்காரரு. அந்த மாத்திரைய ஒரு நாலு நாளு மட்டும்..." என்று ஆரம்பித்துத் தலைவர் நிறுத்தினார். எட்வின் தன் போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவே இல்லை.

பரிபூரணம் பேனா மூடியைக் கழற்றினார். "அப்படியே எழுதிக்கிடட்டுமா தலைவரே? மருந்தை நிறுத்தலாமான்னு தலைவர் கேட்டாருன்னு."

"எல்லாத்தையுமா எழுதுவாங்கக்கா. ஒரு யோசனைக்குச் சொன்னேன்."

விஜயபாண்டிதான் வழி கண்டுபிடித்தார். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை இருக்கட்டும், ரெண்டு வருஷம் ஏசின வாய், ஒரு மத்தியானம் ஏசச் சொன்னால் ஏசாதா என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாருக்கும் பாவமில்லாத ஏற்பாடு. வேல்சாமியை உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், சீனியவரைக்காய் வாசம் அடிக்கும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏசுனா லெட்டரு குடுத்துருவியளா?"

"அன்னைக்குச் சாயங்காலமே கையெழுத்து," என்றார் தலைவர்.

பரிபூரணம் மாடியை நினைத்தார். போர்வைக்குள் சுருண்டிருக்கும் பெண்களை நினைத்தார். 'விருந்தினரைத் திரு. வேல்சாமி முறைப்படி வரவேற்ற பின், அவருக்கு அன்றே கடிதம் வழங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினார். தலைவர் அதற்கும் நல்ல கையெழுத்து என்றார்.

மறுநாள் விஜயபாண்டி ஒத்திகைக்கு வந்துவிட்டார். பாயில் சம்மணம் போட்டுக்கொண்டு, "ம், ஏசுங்க" என்றார். வேல்சாமி அவரை ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"என்னய்யா நீங்க... இப்படிப் பண்ணலாமா?"

"இது ஏச்சா? எங்க வீட்டுல காலையில காப்பி குடுக்கும்போதே இதைவிட நல்லா ஏசுவாக."

வேல்சாமி இன்னொரு முயற்சி செய்தார். 'போங்க' என்று குரலை உயர்த்திவிட்டு, விஜயபாண்டி முகத்தைப் பார்த்து, கோபமா என்று கேட்டார். பழைய படங்களைப் போனில் போட்டுக் காட்டினார்கள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து போய்விட்டார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே பரிபூரணம் அவரைக் கண்டுபிடித்தபோது வேல்சாமி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாயி, நான் ஏச ஏச அவன் திரும்பி வந்துட்டான்னா?"

பரிபூரணம் எத்தனையோ அலுவலகங்களுக்குப் பதில் எழுதியவர். அன்று ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வாயை இரண்டு தடவை திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

சனிக்கிழமை காளீஸ்வரி மலையில் இருந்து நேரே வந்தார். நெற்றியில் நாமம், கையில் துளசி, கூடவே மகன், நாத்தனார், இரண்டு வேன் நிறையச் சொந்தபந்தம். சாப்பாடு அவர்கள் செலவு. கூடத்தில் பாய் விரித்து, காளீஸ்வரியும் மகனும் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த மகன் வேறு எங்காவது இருக்க ஆசைப்படுகிறவன் போலத் தலையைக் குனிந்திருந்தான். விஜயபாண்டி வேல்சாமியின் சீவின தலையைக் கலைத்துவிட்டு, சட்டைப் பித்தான் இரண்டைக் கழற்றிவிட்டு, இலை முன்னால் உட்காரவைத்தார். தூக்குவதற்கு வாகாக இலையில் ரசம் நிறைய ஊற்றச் சொன்னார். பரிபூரணம் சாம்பார் வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் நின்றார். எல்லாக் கண்ணும் வேல்சாமி வாயில் இருந்தது. பத்துப் போன்களாவது உயர்ந்தன.

வேல்சாமி வாயைத் திறந்தார். மூடினார். பிறகு எழுந்து நின்று கும்பிட்டார்.

"அம்மா, நான் ஏச மாட்டேன். எனக்குச் சீக்கு இருந்துச்சு. மாத்திரை சாப்புடுதேன், இப்ப தேவலை. உங்க மவனுக்கு நல்ல எடமாக் கெடைக்கும். சாப்புட்டுட்டுப் போங்க."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வாழ்த்திவிட்டார். நாத்தனார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கௌதம்ராஜ் தூணைப் பிடித்துக்கொண்டார். சேத்தூர்ப் பெண் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

காளீஸ்வரி மெல்லத் திரும்பினார். "மாத்திரை குடுத்தது யாரு?"

"நாந்தாம்மா," என்றார் பரிபூரணம்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீக? தானா இறங்கின அருளை இப்படி மாத்திரையைப் போட்டு அமுக்கிட்டீகளே. நிறுத்துங்க. ஒரு மாசம் கழிச்சு வாரேன். கூரை என்ன, டைல்ஸும் சேத்துப் போட்டுத் தாரேன். அந்த மாத்திரைய மட்டும் நிறுத்துங்க."

வேல்சாமி பரிபூரணத்தைப் பார்த்தார். தொட்டியடியில் பார்த்த அதே பார்வை.

பரிபூரணம் பிறந்ததில் இருந்து யாரையும் மரியாதை குறைத்துக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே வாங்க போங்க என்றவர். அவர் வாயில் இருந்துதான் அது வந்தது என்பதை அவர் உட்பட யாரும் முதலில் நம்பவில்லை.

"ஏட்டி, உனக்குக் கண்ணு இருக்கா? ஒரு மனுசன் காதுக்குள்ள தேளு புகுந்த மாதிரி துடிச்சிருக்கான், அதைப் போய்க் கும்பிட்டுக்கிட்டு நின்னிருக்க. அவனுக்குத் தேவலைன்னா உனக்கு வலிக்கி. அவன் மறுபடி துடிச்சாத்தான் உன் வீட்டுல மேளம் கொட்டணுமா? பஸ் ஸ்டாண்டுல பொம்பளைக பயந்து போயி உக்காந்தமேனிக்கே தூங்குதாளுவ, அவளுக தலைக்கு மேல கூரை போட உன் மவன் கல்யாணம் ஆகணுமோ? வெக்கங்கெட்டவளே. எந்திரி. உன் சோறும் வேண்டாம், உன் கூரையும் வேண்டாம். போட்டி வெளிய."

வாசலைக் காட்டி நீட்டிய கையில் கரண்டி இருந்தது. அதில் இருந்த சாம்பார், ஒரு முருங்கைக்காய்த் துண்டோடு, காளீஸ்வரியின் பட்டுப்புடவையில் மடி நிறைய விழுந்தது.

காளீஸ்வரி குனிந்து மடியைப் பார்த்தார். நிமிர்ந்து பரிபூரணத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பின்னால் நாத்தனார், "எங்களையும் ஒரு வார்த்தை" என்றார்.

பரிபூரணம் வாளியைப் போட்டுவிட்டு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பெண்பிள்ளையைப் பந்தியில் வைத்து ஏட்டி என்றாயிற்று. கூரையும் போயிற்று, கடிதமும் போயிற்று, இத்தனை வருஷத்து மரியாதையும் போயிற்று. ராஜினாமாக் கடிதத்துக்குத் தாளை எடுத்துத் தேதியைக்கூட எழுதிவிட்டார்.

எட்வின் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"அக்கா, அந்தம்மா கூரைக்குச் சொல்லிட்டுத்தான் போனாக. விஜயபாண்டி அங்கேயே சிமெண்டுக்கு ஆர்டர் எடுத்துட்டாரு. அடுத்த சனிக்கிழமை அவுக அண்ணன் குடும்பம் வருதாம். உங்களைப் பாக்க."

"என்னைய எதுக்கு?"

எட்வின் தரையைப் பார்த்தார். இருவரும் ஒரே சர்ச். "நாளைக்கு ஆராதனைக்கு வரும்போது நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லிக்கிட மாட்டேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தலைவர் வந்தார். எப்போதும் வந்தவுடன் மின்விசிறிக்குக் கீழே போய் உட்காருகிறவர், உட்காரவில்லை. மேசை மேல் இருந்த கடிதத்தைத் தள்ளிவைத்தார், இழுத்துவைத்தார். வேல்சாமிக்கு இப்போது என்ன அவசரம், ரெண்டு மாசம் நம்மோடு இருக்கட்டுமே என்றார். சொன்னதைத் தானே நம்பாதவர் போல வேறு பேச்சுக்குத் தாவினார். அவருடைய பேண்டேஜ் துணி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று தேங்கிக் கிடக்கிறது. யாரைப் பார்த்தும் நகரவில்லை. சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். கைகள் தானாக முன்னால் சேர்ந்துகொண்டன.

பரிபூரணத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அதை அடக்கினார். ஜன்னல் வழியே பார்த்தார். வேல்சாமி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் திரும்பவும் சீவி, கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கும்பிடவில்லை. வேனில் ஏறுகிறவர்கள் அவரைத் தாண்டி இந்த அறையின் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கூடத்தில் சொன்னது கோபத்தில் வந்தது. இப்போது கோபம் துளியும் இல்லை. நெஞ்சறிய, யோசித்து, குரலைச் சரிசெய்துகொண்டுதான் சொன்னார்.

"ஏலே, கையெழுத்தப் போடுலே."

கௌதம்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போட்டார். அலுவலக நகலிலும் போட்டார். கேட்காமலே ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து, ஊதி, இரண்டிலும் அழுத்திக் குத்தினார். போகும்போது முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போய்க் கதவைச் சாத்தினார்.

பரிபூரணம் உட்கார்ந்தார். இனிச் சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று ஒரு கவலை எட்டிப்பார்த்தது. மாடிக்குக் கூரை போட்டபின் தரை இருக்கிறது, குழாய் இருக்கிறது, குளியலறை இருக்கிறது. அந்தக் கவலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டுக் கடிதத்தை எடுத்தார். வழக்கம்போல ஒரு தடவை வாய்க்குள் படித்தார். 'மேற்படி வேல்சாமி முற்றிலும் தேறியுள்ளார். அமைதியானவர். மாதந்தோறும் வைத்தியம் எங்கள் பொறுப்பு. இவர் யாரையும் ஏசமாட்டார் என்பதற்கு எங்கள் இல்லம் உறுதி கூறுகிறது.'

கேட்டுக்கு வெளியே சேத்தூர் போகும் பஸ் ஹாரன் அடித்தது. கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசை பாட்டில் காய்ந்துபோயிருந்தது. பந்தியில் இருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து வந்து நசுக்கித் தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். மேலே மாரிசெல்வத்தின் பெயரும் பண்ணை விலாசமும் எழுதி, ஒரு மாத மாத்திரைப் பொட்டலத்தோடு வேல்சாமி கையில் கொடுத்தார். அவர் உறையைச் சட்டைக்குள் வைத்து, விஜயபாண்டி கழற்றிவிட்ட இரண்டு பித்தானையும் போட்டுக்கொண்டு, காத்து நின்ற பஸ்ஸின் படியில் ஏறினார். பஸ் கிளம்பியது.